லீலாவின் சரீர சுகத்துக்காக

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இது சூரியன் சாட்சியாக, சோறு சாட்சியாகச் செய்கிற சத்தியம். இதில் வருகிறவர்களுக்குச் சத்தியம் செய்யும் வழக்கம் கிடையாது, அவர்கள் சபையில் அது கூடாது. அதனால் அவர்கள் பங்கையும் சேர்த்து இங்கேயே இரண்டு மடங்காகச் செய்துவிடுவது நல்லது.

ஆரணி கொசப்பாளையத்தில் அன்புச்செல்வன் என்று ஒரு பட்டு நெசவாளி. கைத்தறி. வயது நாற்பத்தாறு. பிள்ளைகள் இல்லை. அவன் மனைவி லீலா போன வருஷம் பிப்ரவரி மாதம் இரண்டாம் திங்கட்கிழமை காலமானாள். சிறுநீரகம் இரண்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வருஷத்தில் கைவிட்டுவிட்டன. மறுநாள் அடக்கம். சபையின் அறுபது குடும்பமும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபைச் செயலாளர் தமிழ்செல்வன் வழக்கம்போல எழுந்து, நீள நோட்டைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வியாதியஸ்தருக்கான ஜெபப் பட்டியலை வாசித்தார். நாலாவது பெயர் இது:

"சகோதரி லீலா அன்புச்செல்வன். சரீர சுகத்துக்காக."

கோயில் மொத்தமும் "ஆமென்" என்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அறுபது குடும்பமும் மெள்ளத் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். அன்புச்செல்வன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் மூன்று இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் வேறு நிறம் பூசியிருந்தது. ஏன் அப்படிப் பூசினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

தமிழ்செல்வன் தெரியாமல் வாசிக்கவில்லை. அவர் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி எங்கே இருக்கிறதோ அங்கே கையை வைப்பார், மற்ற எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்பது அவர் கட்சி. அந்தச் சபையில் விதி இருந்தது. ஜெபப் பட்டியலில் பெயரைச் சேர்த்தவர் யாரோ, அவர்தான் அதை முடிக்க வேண்டும். சபை முன்னால் எழுந்து நின்று, தன் வாயால் முடிவைச் சொல்லி, தன் கையால் பெயரை அடிக்க வேண்டும். வேறு யாரும், போதகரே ஆனாலும், அந்த நோட்டில் பேனா வைக்கக் கூடாது.

இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் கல்லறைத் தோட்டக் காவல்காரர் எல்லப்பன். ஏழு வருஷத்துக்கு முன் முருங்கை மரத்திலிருந்து விழுந்து வேலூரில் படுத்திருந்தார். அவர் போய்விட்டார் என்று போளூரிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து சொன்னார். அன்றைய செயலாளர் உடனே பெயரை அடித்தார். குழி வெட்டப்பட்டது. சனிக்கிழமை மத்தியானம் எல்லப்பன் தானே பஸ்ஸிலிருந்து இறங்கி, வேலையிடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். புதுக்குழியைக் கண்டார். கம்பை விட்டு அளந்தார். "எவன்டா இத வெட்னது? ரெண்டடி கம்மி. நாய் தோண்டிடும்" என்று வெட்டியவர்களைக் கூப்பிட்டு, கூட நின்று ஆழமாக்க வைத்தார். யாருக்காக என்று கடைசிவரை கேட்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் தன் பெயர் வராததைக் கேட்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் யாரும் ஜெபிக்காததால் இடுப்பு வலி திரும்பிவிட்டதாகப் பொதுக்குழுவில் வழக்கு வைத்தார். விதி அன்றைக்கு எழுதப்பட்டது.

லீலாவின் பெயரைக் கொடுத்தவன் அன்புச்செல்வன். அவன் எழுந்து நின்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சுகமானவர்களுக்கு "சுகம் கிடைத்தது" என்று. மற்றவர்களுக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று. முதலாவதைச் சொல்ல முடியாது. இரண்டாவதைச் சொல்ல அவன் எழுந்திருக்கவில்லை.

பிடிவாதம் இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். தன் கால் யாருடையதோ என்பதுபோல அது மடங்கியே இருந்தது, அவ்வளவுதான். லீலா போன செய்தி வந்தபோது அவன் மருத்துவமனையில் டோக்கன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கையில் நூற்றுப் பதினேழாம் எண். நூற்றுப் பதினாறு போய்க்கொண்டிருந்தது. தன் முறை வரும்வரை நின்று, டோக்கனைக் கொடுத்து, இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். அடக்கத்தன்று எல்லோரும் அவன் அழுவான் என்று காத்திருந்தார்கள். அவன் பெட்டியைக் குழிக்குள் இறக்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நைலான் கயிறு, நீல நிறம், ஒரு முனை தீயில் உருக்கி விட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கயிற்றைப் பற்றி அரைமணி நேரம் சொல்வான். வேறு எதுவும் நினைவில்லை.

சபைக் கமிட்டி கூடியது. போதகர் இளைஞர், இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மரிச்சவங்களுக்காக ஜெபிக்கிறது நம்ம சபை முறையில இல்லைங்க, செயலாளர் ஐயா."

"மரிச்சவங்களுக்காக எங்க ஜெபிக்கிறோம்? நோட்டுல பாருங்க. வியாதியஸ்தர் லிஸ்ட்ல கீறாங்க. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கலாம் இல்ல?"

"ஆனா அவங்க மரிச்சிட்டாங்களே?"

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே."

போதகர் நோட்டைப் பார்த்தார். நோட்டு ஒன்றும் சொல்லவில்லை. லீலா வியாதியஸ்தராகவே நீடித்தாள்.

பட்டியலில் பெயர் இருந்தால் சும்மா ஜெபத்தோடு போகாது. அந்தச் சபையில் ஜெபத்துக்குக் கை கால் உண்டு. புதன்கிழமைதோறும் மாதர் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர் வியாதிக்காரர் வீட்டுக்குப் போவார்கள். வீட்டைக் கூட்டுவார்கள், பாத்திரம் துலக்குவார்கள், கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், படுக்கையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்வார்கள். இரண்டு மணி நேரம். தலைவி கன்னியம்மாள். பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகூட இரண்டு மணி நேர ஊழியத்தை முடித்துவிட்டுத்தான் திரும்புவாள் என்று பெயர் வாங்கியவள்.

அந்த முதல் புதன்கிழமை பத்து மணிக்குக் கன்னியம்மாள் நாலு பேரோடு வந்து கதவைத் தட்டினாள்.

"இன்னா தம்பி, லீலாவுக்குக் கஞ்சி எடுத்தாந்தேன்" என்று வழக்கமான பேச்சு வாயில் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் அவள் முதுகைப் பார்த்தார்கள். வந்த சொல்லை விழுங்கத் தெரியாதவள் கன்னியம்மாள். கூடத்துக்குப் போய், வெறும் கட்டில் பக்கத்தில் தூக்குவாளியை வைத்து, உட்கார்ந்து, பாட்டை எடுத்தாள். மற்றவர்களும் பாடினார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் கண் திறந்தபோது அன்புச்செல்வன் கஞ்சியைக் குடித்து முடித்து, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

பாடல், ஜெபம், கூட்டல், துலக்கல் எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படுக்கையில் ஆள் இருந்தால் திருப்பிப் படுக்க வைப்பது, முதுகு துடைப்பது, தலை வாருவது என்று நேரம் போகும். மீதி ஒன்றேகால் மணி நேரத்துக்கு வேலை வேண்டுமே? தறிப்பக்கம் ராட்டை நின்றது. தறியில் குறுக்கே போகிற ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி, இழைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்க வேண்டும், அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். லீலாவின் வேலை அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நாற்பது தார் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் இன்னும் ஆறுதான் மிச்சம்.

"உட்காருங்கடி" என்றாள் கன்னியம்மாள். "சுத்தலாம்."

ஐந்து பேரில் இருவர் டீச்சர்கள், ஒருத்தி தபாலாபீஸ், மூவரும் ஓய்வு பெற்றவர்கள், ஒருத்தி தையல். தார் சுற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு தார் சுரைக்காய் மாதிரி, இன்னொன்று வெள்ளரிப் பிஞ்சு மாதிரி. அன்புச்செல்வன் அவற்றை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டான். அந்தத் தாரைப் போட்டே நெய்தான். புடவையில் ஊடை ஓரிடம் இறுக்கம், ஓரிடம் தளர்ச்சி, துணி முழுக்கக் காற்றடித்த ஏரித் தண்ணீர் மாதிரி அலை. அதை எடுத்துக்கொண்டு ஜவுளி முதலாளி ஜினகுமாரிடம் போனான், திட்டு வாங்கத் தயாராக. ஜினகுமார் புடவையை விரித்து, வெயிலில் பிடித்து, இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இது இன்னாப்பா இது? நீயா பண்ண?"

"வியாதிக்காரங்கள பாக்க வந்தவங்க பண்ணாங்க."

"அவங்கள இன்னும் பத்து புடவைக்குப் பண்ணச் சொல்லு. சென்னையில கேப்பான்."

கேட்டார்கள். "அலைப்பட்டு" என்று பெயர் வைத்துக் கேட்டார்கள். தறி தெரிந்த நெசவாளிகள் பலர் அதைப் பார்த்து நெய்ய முயன்று தோற்றார்கள். அவர்களுக்குத் தார் சுற்றத் தெரிந்திருந்ததுதான் இடைஞ்சல்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம்தான் பெரிது. அறுபது குடும்பம், ஏறத்தாழ இருநூறு வாய், வாராவாரம் ஒரே ஆளுக்காகச் சரீர சுகம் கேட்டது. அந்த ஆளுக்குச் சரீரமே இல்லை. கேட்டது எங்காவது போய் இறங்கித்தானே ஆக வேண்டும்? பக்கத்து வீட்டில் இறங்கியது.

பக்கத்து வீடு வேணுகோபாலுடையது. அவரும் நெசவாளிதான், விசைத்தறி. கோயில் குளம் என்று அவருக்கு வேறு வழி, வேறு நாள். பன்னிரண்டு வருஷமாக மடங்காத அவருடைய இடது முழங்கால் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்கால் மணிக்கு மடங்கியது. ஜூலையில் அவர் மாமியாருக்கு வலது காது கேட்டது. ஆகஸ்டில், மூன்று வருஷமாக ஓடாத விசைத்தறி, மின்சாரம் இல்லாத நேரத்தில் ஓடியது. இதைத் தெருவே பார்த்தது. தமிழ்செல்வன் மட்டும் மின்வாரியத்தில் இருந்தவர் என்ற முறையில் நம்பவில்லை.

ஆனால் ஆண்டு ஒன்று ஆகப்போகிறது. பிப்ரவரியில் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனை வைக்க வேண்டும், கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போதகர் அன்புச்செல்வன் வீட்டுக்கு வந்து தறி ஓரத்தில் நின்றார்.

"பிரதர், ஒரே ஆள் ஒரே ஞாயித்துக்கிழமை வியாதியஸ்தர் பட்டியலிலும் நினைவு ஆராதனையிலும் இருக்க முடியாதுங்க. நான் எப்படி நடத்துறது? பேரை முடிச்சிக் குடுங்க. ஒரு நிமிஷம்."

"சரிங்க ஐயா."

"இந்த ஞாயிறு?"

"சரிங்க ஐயா."

அந்த ஞாயிறு அவன் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். பட்டியலில் இருந்த மற்றவர்கள் சுகமாகியும் சுகமாகாமலும் ஒவ்வொருவராக முடிந்துபோய், நாலாவதாக இருந்த லீலா முதலிடத்துக்கு வந்துவிட்டாள். இப்போது அவள் பெயரில்தான் ஜெபமே தொடங்கியது.

எல்லப்பன் வந்தார்.

"அன்பு, கல்லுக்குச் சொல்லிடட்டுமா? இல்ல, கொஞ்ச நாள் பாக்கலாமா?"

"எதுக்கு பாக்கறது?"

"இத்தினி பேரு சுகம் கேட்டுகினே கீறாங்க. நான் கண்டவன், கேட்டா கெடைக்கும். சிமெண்ட் போட்டு மூடிட்டா அப்பறம் பேஜாராயிடும் பாரு." எல்லப்பன் முகத்தில் சிரிப்பு இல்லை. "திங்கக்கெழம திங்கக்கெழம போயி பாத்துகினுதான் கீறேன். மண்ணு அப்டியேதான் கீது."

"கல்லு வையுங்க."

"நோட்டுல முடிக்காம நான் கல்லு வெக்க மாட்டேன். எனக்கே ஒரு தரம் ஆயிருக்கு."

அவர் போனதும் வேணுகோபால் சுவர்மேல் தலையை நீட்டினார். பேச்சு முழுவதும் கேட்டிருக்கிறார்.

"அவசரப்படாத பா அன்பு. நம்ம மாமியாருக்கு ஒரு காதுதான் வந்துருக்கு. இன்னொண்ணு பாக்கி."

"அண்ணா, உங்களுக்கு இதுல இன்னா?"

"எனக்கு இன்னாவா? நாலு வருஷமா கேக்காத காதுக்கு நான் இன்னா வேணா பேசலாம்னு இருந்தேன். இப்ப ஒரு காது கேட்டுபோச்சு, அரைகொறையா கேட்டுகினு சண்டைக்கு வருது. ரெண்டும் வந்தாத்தான் நிம்மதி."

அன்புச்செல்வன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தான். பெயரை முடித்தால் கல் வரும், நினைவு ஆராதனை வரும், லீலாவுக்குச் செய்ய வேண்டிய கடைசி மரியாதை முடியும். முடித்தால் புதன்கிழமை கதவு தட்டப்படாது. ராட்டை சுற்றாது. அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டே முக்கால் மணிக்கு, உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒருவர் எழுந்து நின்று அவள் பெயரை உரக்கச் சொல்கிறார். இருநூறு பேர் கேட்கிறார்கள். வேறு எங்கேயும் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, நூல் விலையைக் கேட்கிறார்கள். வாரத்தில் அந்த ஒரு நொடி மட்டும் அவனுக்குக் காதில் ஏதோ விழுந்தது. மற்ற நேரம் எல்லாம் பஞ்சுக்குள் வைத்ததுபோல இருந்தது. வலி இல்லை. வலிக்காதது சுகம் என்று யாரோ சொன்னார்கள். அவனுக்கு அதுவும் தெரியவில்லை. நாடாவைத் தள்ளினான், வந்தது. மறுபடி தள்ளினான்.

நினைவு ஆராதனைக்கு முந்தின புதன்கிழமை. போதகர் அன்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த ஞாயிறு முடிக்காவிட்டால் ஆராதனையை ரத்து செய்ய வேண்டியிருக்கும், பந்தியும் கிடையாது, கல்லும் கிடையாது.

பத்து மணிக்குக் கன்னியம்மாளும் நாலு பேரும் வந்தார்கள். கூட்டினார்கள். துலக்கினார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஏறக்குறைய ஒரு வருஷமாக ஒரு வெறும் கட்டிலுக்குப் பாடிப் பாடி, ஐந்து குரலும் அதற்குள் நன்றாக இழைந்துவிட்டிருந்தன. கட்டிலின் மெத்தை விரிப்பை வாராவாரம் மாற்றினார்கள். யாரும் படுக்காத விரிப்பு சலவையில் வெளுத்துப்போயிருந்தது. அன்புச்செல்வன் சுவரோரம் சப்பணமிட்டு, தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியை ஊற்றிக் குடித்தான். இரண்டாவது வாயில் நிறுத்தினான். கிண்ணத்துக்குள் பார்த்தான். மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, உப்பே இல்ல?"

ராட்டையில் கை வைக்கப்போன கன்னியம்மாள் திரும்பினாள்.

"எந்த உப்பு?"

"கஞ்சில. உப்பு போட மறந்துட்டீங்களா?"

"மறந்தனா? இந்த வூட்டுக் கஞ்சில நான் எந்தப் புதன் உப்பு போட்டேன்? போன வருஷத்துலருந்து உப்பில்லாத கஞ்சிதான் குடிச்சிகினு கீற. இன்னிக்கித்தான் நாக்கு வந்துச்சா?"

"ஏன் போடல?"

"ஏன் போடலையா? கிட்னி கேசுக்கு உப்பு கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? நீதான வந்து சொன்ன? பேரு நோட்டுல இருக்கற வரைக்கும் உப்பு கெடையாது. நான் வியாதிக்காரங்களுக்கு வெக்கிற கஞ்சில ஒரு கல்லு அதிகமா போட்டவ இல்ல."

"அதுக்கு? நான் இல்ல குடிக்கிறேன்!"

"உனக்கா கொண்டாந்தேன்? லீலாவுக்குக் கொண்டாந்தேன். நீ எடுத்துக் குடிக்கிற."

"அக்கா," என்றான் அன்புச்செல்வன். எரிச்சலாகத்தான் சொன்னான், கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் சொல்வதுபோல. "லீலா செத்துட்டா அக்கா. அவளுக்கு எதுக்கு உப்பில்லாம?"

டீச்சர் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு விசைத்தறிகூட நின்றது என்று வேணுகோபால் பிற்பாடு சொன்னார். அன்புச்செல்வன் தான் சொன்னதைக் கேட்டவன்போலக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். யாரோ சொன்னதுபோலத்தான் இருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் ஒன்றும் வரவில்லை. நாக்கில் மட்டும் அந்தச் சப்பென்ற ருசி போகாமல் நின்றது.

கன்னியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியின் மூடி இறுகிப்போயிருந்தது, அடித்துத் திறக்கும் சத்தம் மூன்று தரம் கேட்டது. வந்து, இரண்டு விரலால் உப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கரண்டிக் காம்பால் கலக்கி, அவன் பக்கம் தள்ளினாள்.

"குடி."

குடித்தான்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

போட்டாள். பிறகு ஐந்து பேரும் ராட்டைக்குப் போனார்கள். அன்றைக்குச் சுற்றிய தார்கள் ஐந்தும் ஒழுங்காக வந்துவிட்டன. ஜினகுமாருக்கு அது பெரிய நஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. வேணுகோபால் வாசலுக்கு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நின்றார், மாமியாரையும் கேட்காத காது உள்பக்கம் இருக்கும்படி நிறுத்தியிருந்தார். கடைசி வாய்ப்பு.

தமிழ்செல்வன் நோட்டைப் பிரித்தார். "சகோதரி லீலா அன்புச்செல்வன். சரீர சுகத்துக்காக" என்று வாசித்துவிட்டு, ஆமென் வரும் முன் கையை உயர்த்தி நிறுத்தினார். மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

அன்புச்செல்வன் எழுந்தான். அவன் எழுந்ததைக் கண்டு முதலில் ஆச்சரியப்பட்டவன் அவன்தான். நடந்து போய் மேசைமுன் நின்றான். தமிழ்செல்வன் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"முடிவு சொல்லணும், தம்பி. சத்தமா."

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று சொல்லத்தான் வந்தான். காலையிலிருந்து நாலு தரம் சொல்லிப் பார்த்தும் வந்திருந்தான்.

"செத்துட்டா," என்றான். "போன வருஷம். பிப்ரவரி, ரெண்டாவது திங்கள்."

தமிழ்செல்வன் போதகரைப் பார்த்தார். விதியில் இந்த வாக்கியம் இல்லை. போதகர் தலையை ஆட்டினார். அன்புச்செல்வன் குனிந்து, தறியில் அறுந்த இழையைப் பார்க்கிற கவனத்தோடு அந்த வரியைத் தேடி, பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தான். நேர்க்கோடு.  அதனால் தோள் பாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போக வழி தெரியாதவன்போல அங்கேயே நின்றான். வாசலில் வேணுகோபாலின் மாமியார், "இன்னா சொன்னான்? இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மாள் எழுந்தாள்.

"செயலாளர் ஐயா, ஒரு பேரு சேக்கணும்."

"சொல்லுங்க."

"அன்புச்செல்வன்."

தமிழ்செல்வன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்க சேத்தா நீங்கதான் முடிக்கணும். விதி தெரியும் இல்ல?"

"நானே முடிக்கிறேன். என்னிக்கி முடிக்கணும்னு எனக்குத் தெரியும். எழுதுங்க."

"இன்னா வியாதி?"

கன்னியம்மாள் மேசைமுன் நின்றவனைப் பார்த்தாள். "இன்னா தம்பி பண்ணுது உனக்கு?"

அன்புச்செல்வன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். காலிலிருந்து தலை வரைக்கும் ஒவ்வோர் இடமாகத் தேடிப் பார்த்தான்.

"தெரியலக்கா."

"தெரியலன்னு எழுதுங்க," என்றாள் கன்னியம்மாள். "உப்பு போடலாம்."

தமிழ்செல்வன் எழுதினார். எழுதியதை நிமிர்ந்து வாசித்தார். இருநூறு பேரும் ஆமென் என்றார்கள், வாசலில் நின்றவர்களையும் சேர்த்து. நினைவு ஆராதனை நடந்தது. செவ்வாய்க்கிழமை எல்லப்பன் கல் வைத்தார். புதன்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

இரண்டு மடங்கு சத்தியம் செய்தாயிற்று, அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சபையில் ஜெபப் பட்டியலுக்கென்று ஒரு நோட்டு இருந்ததே கிடையாது. பெயர்களை மனப்பாடமாகத்தான் சொல்வார்கள்.